பழைய டின், கிழிந்த துண்டு, காலி பாட்டில்: 2 வருடம் செடி வைத்துப் பார்த்த பிறகு

வீட்டில் தூக்கிப் போட வைத்திருக்கும் பொருளில் செடித் தொட்டி செய்து காட்டுகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பெயின்ட் அப்போதுதான் காய்ந்திருக்கும், செடி அப்போதுதான் நட்டிருக்கும், மண் மேல் கூழாங்கல் அழகாகப் பரப்பியிருக்கும். ஆறு மாதம் கழித்து அந்தத் தொட்டியின் அடியில் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. அதனால் நானே செய்து, செடி நட்டு, தண்ணீர் ஊற்றி, 2 வருடம் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மொத்தம் 23 தொட்டிகள். இன்று ஜன்னலோரம் நிற்பவை 11.

முதலில் செய்தது ஒரு பால் பவுடர் டின். கழுவித் துடைத்து, வெளியே வெள்ளைப் பசை தடவி, சணல் கயிற்றை அடியிலிருந்து விளிம்பு வரை நெருக்கமாகச் சுற்றினேன். ஒரு சாயங்காலம் முழுக்க அந்த வேலைதான். சித்தி தன் ஸ்பைடர் பிளான்ட்டிலிருந்து ஒரு குட்டியை வெட்டிக் கொடுத்திருந்தார். அதை அதில் நட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். நான்காம் மாதம் இலையெல்லாம் நடுவிலிருந்து பழுப்பாகித் தொய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். கடைசியில் செடியைப் பிடித்து லேசாக இழுத்தபோது, எந்தப் பிடிப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. டின்னைச் சாய்த்தேன். கறுப்பாக, சாக்கடை வாடையோடு அரை டம்ளர் தண்ணீர் வழிந்தது. வேர் இருந்த இடத்தில் குழகுழவென்று ஒரு பிசுபிசுப்பு மட்டும்தான்.

டின்னில் நான் துளை போடவே இல்லை. துளை போட்டால் மேஜை நனையும், அழகு கெடும் என்று விட்டிருந்தேன். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ, காற்றும் அவ்வளவு முக்கியம். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளில்தான் வேர் மூச்சு விடுகிறது. அந்த இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பி நின்றால் வேர் திணறிச் செத்து அழுகும், அழுகலைத் தின்னும் பூஞ்சைகள் மிச்சத்தையும் முடித்துவிடும். செத்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் மேலே பார்க்க, தாகத்தில் வாடுகிற செடி மாதிரியே தெரிகிறது. நான் ஏமாந்தது அங்கேதான். சித்தியிடம் சொல்லவே மனம் வரவில்லை. அப்புறம் சொன்னேன். "குட்டிக்கு என்ன பஞ்சம், வந்து எடுத்துட்டுப் போ" என்றார். அதிலிருந்து எந்தத் தொட்டியையும் மேலே பார்த்து மதிப்பிடுவதை விட்டுவிட்டேன். கவிழ்த்து அடியைப் பார்ப்பேன்.

டின் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் அதுதான் கிடைக்கும். அப்பா 30 வருடம் வண்டிகளுக்கு டிங்கரிங் வேலை பார்த்தவர். நசுங்கிய தகரத்தைத் தட்டி எடுப்பது, பட்டி பார்ப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. நான் ஒரு ஆணியும் சுத்தியலுமாக டின்னைக் கவிழ்த்து வைத்து அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். அடித்தகடு உள்ளே குழிந்துகொண்டே போனது, துளைதான் விழவில்லை.

"உள்ளே ஒண்ணுமே தாங்கலியேம்மா. தகரம் எப்படி நிக்கும்?" என்றார்.

அவர் சொன்ன வழி இது. டின்னில் முக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். விளிம்பு வரை ஊற்றக் கூடாது, ஏனென்றால் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். டின்னின் அடி புடைத்துக்கொண்டு நேராக உட்காராமல் போய்விடும். காலையில் எடுத்து, பழைய துணி மேல் கவிழ்த்து வைத்து அடித்தால் ஆணி சுத்தமாக இறங்கும். ஐஸ் பின்னாலிருந்து தாங்குவதால் தகரம் குழியாது. ஐஸ் கரைந்த பிறகு உள்ளே கையை விடாமல், ஒரு அரத்தைக் கொண்டு துளையின் பிசிறை மழித்துவிட வேண்டும். பிசிறு உள்பக்கம் எழும்பி நின்றால் அது ஒரு சின்ன வரப்பு மாதிரி. அதைச் சுற்றித் தண்ணீர் தேங்கும், துருவும் அங்கிருந்துதான் கிளம்பும்.

துளை எங்கே விழ வேண்டும் என்பதையும் அவர்தான் காட்டினார். டின்னின் அடித்தகட்டை விரலால் தடவிப் பாருங்கள். வட்டம் வட்டமாக மேடும் பள்ளமும் இருக்கும். தகடு விறைப்பாக நிற்க அப்படி அச்சடித்திருப்பார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் எது பள்ளமோ, அதில்தான் துளை வர வேண்டும். மேட்டில் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு வளையத் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும். 6 மில்லிமீட்டர் அளவில் 4 அல்லது 5 துளைகள் போதும். இன்னொன்று: டின்னின் அடி விளிம்பு வளையமாகத் தடித்து, அடித்தகட்டை விடக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். தட்டில் நேராக வைத்தால் அந்த வளையம் தட்டோடு ஒட்டி உட்கார்ந்து, வடிந்த தண்ணீரையே சிறை வைத்துவிடும். பாட்டில் மூடி மூன்றை முக்கோணமாக வைத்து அதன் மேல் டின்னை நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. இந்த மூன்று மூடி விஷயத்தை நான் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது.

அடுத்தது துரு. டின் என்று நாம் சொல்வது உண்மையில் இரும்புத் தகடு. மேலே மிக மெல்லியதாக வெள்ளீயம் பூசியிருப்பார்கள், பல டின்களில் உள்ளே ஒரு அரக்குப் பூச்சும் இருக்கும். பூச்சு முழுதாக இருக்கும்வரை இரும்புக்குக் காவல். ஒரு இடத்தில் கீறல் விழுந்துவிட்டால் கதை தலைகீழ்: வெள்ளீயத்தின் பக்கத்தில் ஈரத்தோடு இருக்கும் இரும்பு முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசிய வாளியில் அப்படி நடக்காது. அங்கே துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அதனால்தான் பழைய ஜி.ஐ. வாளி ஓட்டையோடு வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது, பால் பவுடர் டின் ஓட்டை போட்ட இடத்திலேயே சிவக்கிறது. நாம் போடும் ஒவ்வொரு துளையும் அந்தக் கீறல்தான்.

இதைச் சோதிக்க ஒரே மாதிரி இரண்டு டின் எடுத்தேன். ஒன்றில் துளை போட்டு, வெளியே மட்டும் அக்ரிலிக் பெயின்ட் அடித்தேன். இன்னொன்றை அப்பா சொன்னபடி செய்தேன்: உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, ரெட் ஆக்சைடு பிரைமரைத் துளைகளின் ஓரம், உள்பக்க அடி, வெளிப்புறம் எல்லாவற்றிலும் மெல்லியதாக ஒரு கோட், அது நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் இரண்டு கோட். முதல் டின் எட்டாம் மாதம் ஜன்னல் பலகையில் ஒரு செம்மண் நிற வளையத்தைப் பதித்துவிட்டது. தேய்த்துத் தேய்த்தும் அது போகவில்லை. வெளியே பெயின்ட்டுக்கு அடியில் துரு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, நகத்தால் தொட்டால் செதிலாக உதிர்ந்தது. இரண்டாவது டின் இன்றும் நிற்கிறது. ஒரு துளையின் ஓரத்தில் மட்டும் லேசான பழுப்பு. துரு செடியைக் கொல்லாது, பயப்பட வேண்டாம். கெடுவது பலகையும் பெயின்ட்டும்தான்.

டின்னுக்கு ஒரு குறை உண்டு. மதிய வெயில் நேரடியாக விழும் இடத்தில் வைத்தால் உலோகம் சூடேறி, ஓரத்து வேர் வெந்துபோகும். வெளிச்சம் வரும், வெயில் படாத இடத்துக்கு மட்டும் டின். அந்த நிபந்தனையோடு பத்துக்கு எட்டு மதிப்பெண் தருவேன்.

சணல் கயிற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, எல்லோரும் அதைத்தான் சுற்றுகிறார்கள். கயிறு ஈரத்தைக் குடிக்கும். அடி வரை சுற்றினால் தட்டில் வடியும் தண்ணீரை உறிஞ்சி, கீழ் நாலைந்து சுற்று எப்போதும் நனைந்தே இருக்கும். என்னுடையதில் மூன்றாம் வாரமே சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்தது. வெள்ளைப் பசையோ காய்ந்தபின்னும் தொடர்ந்து ஈரம் பட்டால் இளகி வெண்மையாகிவிடும். கயிறு சுற்றத்தான் வேண்டும் என்றால் அடியிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு ஆரம்பியுங்கள். இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இப்போது என் மனதுக்கு மிகவும் பிடித்தது: பழைய துண்டும் சிமெண்டும்.

குளியல் துண்டு நைந்து போய், தரை துடைக்கக்கூட லாயக்கில்லாத நிலைக்கு வந்தபோது செய்தேன். ஒரு வாளியைக் கவிழ்த்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். சிமெண்டைத் தண்ணீரில் கரைத்துக் கெட்டியான பெயின்ட் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும்; கட்டியே இருக்கக் கூடாது. துண்டை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட வேண்டும். காய்ந்த துண்டை அப்படியே சிமெண்டில் போட்டால் நூல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு சிமெண்டை வெளியிலேயே நிறுத்திவிடும். நனைந்த துண்டைக் கரைசலில் போட்டு மாவு பிசைவது போல் அழுத்தி அழுத்தி எடுத்தால் ஒவ்வொரு நூலிலும் ஏறும். பிறகு வாளி மேல் போட்டு, மடிப்புகளைக் கையால் இழுத்து இழுத்து அமைக்க வேண்டும்.

கையுறை இல்லாமல் இதைத் தொடாதீர்கள். முதல் முறை நான் வெறும் கையால் செய்தேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் விரல் நுனியெல்லாம் தோல் சொரசொரத்து வெடித்து, ஒரு வாரம் எதையும் பிடிக்க முடியவில்லை. ஈர சிமெண்ட் கடும் காரத்தன்மை உடையது, பி.எச். அளவில் 12-க்கும் மேல். எரிச்சல் தெரிவதற்கு முன்பே தோலை அரித்துவிடும். தூளை மூச்சில் இழுக்காமல் முகக்கவசமும் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த தவறு, வெயிலில் காய வைத்தது. சிமெண்ட் 'காய்ந்து' கெட்டியாவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது. தண்ணீரைச் சீக்கிரம் ஆவியாக்கிவிட்டால் வினை பாதியில் நின்று, தொட்டி பொரபொரவென்று ஆகிவிடும். என் முதல் துண்டுத் தொட்டி அப்படித்தான், தூக்கும்போது விளிம்பு கையோடு உடைந்து வந்தது. இரண்டாவதை நிழலில் வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, தினம் இரண்டு முறை தண்ணீர் தெளித்தேன். மூன்றாம் நாள் வாளியிலிருந்து கழற்றி, உள்ளும் வெளியும் சிமெண்ட் கரைசலைப் பிரஷ்ஷால் இன்னும் இரண்டு முறை பூசி, மேலும் ஒரு வாரம் ஈரம் காத்தேன். கட்டிடக்காரர்கள் முழு பலத்துக்கு 28 நாள் கணக்கு வைப்பார்கள். நானும் அந்தக் கணக்கைத்தான் இப்போது கடைப்பிடிக்கிறேன். துளையை மூன்றாம் நாளே, சிமெண்ட் முழுக்க இறுகுவதற்கு முன் டிரில்லால் போட்டுவிடுவது சுலபம்.

தொட்டி தயாரானதும் ஆசையில் ஒரு பெரணியை நட்டேன். ஒன்றரை மாதத்தில் புது இலைகள் மஞ்சளாக வந்தன. சாதாரண மஞ்சள் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் இலையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக நிற்க, நடுவில் உள்ள தசை வெளுத்திருந்தது. இது இரும்புச்சத்து கிடைக்காததன் அடையாளம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை; சிமெண்டிலிருந்து இறங்கிய காரம் மண்ணைக் காரமாக்கிவிட்டால், இருக்கிற இரும்பைச் செடியால் எடுக்க முடியாது. தொட்டியின் வெளிப்புறமும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

சரி, என்ன செய்வது? தொட்டியை வாளித் தண்ணீரில் மூழ்க வைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, இரண்டு வாரம் விட வேண்டும். முதல் சில நாட்கள் தண்ணீர் வழுவழுப்பாக இருக்கும், மேலே வெள்ளை ஆடை மிதக்கும். அது குறையக் குறையத் தொட்டி பக்குவமாகிறது என்று பொருள். பெரணியை எடுத்து வேறு மண்ணில் மாற்றினேன், பிழைத்துக்கொண்டது. ஊற வைத்த தொட்டியில் இப்போது ஸ்நேக் பிளான்ட் இருக்கிறது. கொஞ்சம் காரம் இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால், ஒரு முறை அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். துணி விழுந்த மடிப்பு அப்படியே கல்லாக நிற்கிறது. துண்டின் ஓரத்தில் நெய்த கரை, அதில் ஒரு நூல் இழுத்துச் சுருங்கிய இடம், எல்லாம் தெரிகிறது. எத்தனையோ வருடம் கையில் பிடித்த துணி அது. எந்தத் தொட்டியிலும் இப்படி ஒரு உருவம் கிடைக்காது. எடை அதிகம், தொங்கவிட முடியாது, அவசரத்துக்கு ஆகாது. இருந்தாலும் பத்துக்கு ஒன்பது.

பிளாஸ்டிக் பாட்டிலில் எனக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை, ஆனால் ஒரு காரியத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. அதற்கு முன், பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறையினர் கொண்டுவந்த எண்கள் அவை. எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும். தண்ணீர் பாட்டில் பெரும்பாலும் 1. ஷாம்பு டப்பா, டிடர்ஜென்ட் கேன் பெரும்பாலும் 2. மூடி போட்ட டப்பாக்கள் பலவும் 5. பெயின்ட் அடிக்க நினைப்பவர்களுக்கு இந்த எண் முக்கியம். 2-லும் 5-லும் சாதாரண பெயின்ட் பிடிக்காது. அவற்றின் மேற்பரப்பு எதையும் ஒட்டவிடாத தன்மை கொண்டது. ஷாம்பு டப்பாவில் மூன்று நாள் உட்கார்ந்து நான் வரைந்த கொடியும் பூவும் ஒரு நாள் ஒரே தாளாக உரிந்து வந்தது. அதற்குத் துணி உறை தைத்துப் போடுவதுதான் சரி.

1 எண் பாட்டிலை வெட்டினால் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். அயர்ன் பாக்ஸை மிதமான சூட்டில் வைத்து, அதன் மேல் ஒரு தாளைப் போட்டு, பாட்டிலின் வெட்டிய வாயை அதில் லேசாக அழுத்தி எடுத்தால் விளிம்பு உள்ளே மடங்கி மழுங்கிவிடும். இந்தப் பிளாஸ்டிக் 70, 80 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், அதனால் இரண்டு மூன்று வினாடி போதும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன அந்தக் காரியம், தானே தண்ணீர் எடுத்துக்கொள்ளும் தொட்டி. பாட்டிலைக் குறுக்கே வெட்டி, மேல்பாதியைத் தலைகீழாகக் கீழ்ப்பாதிக்குள் சொருகி, கழுத்து வழியாக ஒரு திரியை மண்ணிலிருந்து கீழே உள்ள தண்ணீருக்குத் தொங்கவிட வேண்டும். மூடியில் துளை போட்டுத் திரியை நுழைத்தால் மண் கொட்டாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி தண்ணீர் மேலே ஏறும். பருத்தித் துணியைத் திரியாக வைத்தது ஐந்தாறு மாதத்தில் மக்கி அறுந்துவிட்டது. பழைய பாலியஸ்டர் சட்டையைக் கிழித்துத் திரித்தது இன்னும் வேலை செய்கிறது. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தபோது, வாடாமல் இருந்தவை இவை மட்டும்தான். பாட்டில் தெளிவாக இருப்பதால் தண்ணீரில் பாசி பிடிக்கும். கீழ்ப்பாதியை ஒரு பழைய காலுறைக்குள் நுழைத்துவிட்டால் வெளிச்சம் படாது, பாசியும் வராது, பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

ஆனால் வெயிலில் இருந்த பாட்டில் தொட்டிகள் ஒரு வருடம் தாண்டவில்லை. கையில் எடுத்தபோது பக்கவாட்டில் பிளந்தன. சூரியனின் புறஊதா ஒளி பட்டுப்பட்டு முறுகிப்போன பிளாஸ்டிக் சில்லு சில்லாக மண்ணில் கலந்துவிடுகிறது, பொறுக்கி எடுக்கவும் முடிவதில்லை. குப்பையைக் குறைக்க நினைத்துச் செய்த பொருள் பொறுக்க முடியாத குப்பையாவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பாட்டிலை வீட்டுக்குள் நிழலில் மட்டும் வையுங்கள், வெளுக்க ஆரம்பித்ததும் மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.

கண்ணாடி ஜாடியில் துளை போட வைர முனை டிரில் வேண்டும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாகப் போட வேண்டும். அதிலும் கடினப்படுத்திய கண்ணாடி என்றால் நொறுங்கிவிடும். நான் அந்த வம்புக்குப் போகவில்லை. துளை இல்லாத கண்ணாடிக்கு அடியில் கல் போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. மண்ணின் நுண்ணிய இடுக்குகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கற்களுக்கு நடுவே உள்ள பெரிய ஓட்டைகளுக்கு அந்த இழுவை கிடையாது. அதனால் மேலே மண் முழுக்க நனைந்து இனி தாங்காது என்ற நிலை வந்த பிறகுதான் சொட்டு கீழே இறங்கும். கல் போட்டால் அந்த ஈரச் சேறு வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறி வருகிறது, அவ்வளவுதான். நம்ப முடியாவிட்டால் பாத்திரம் கழுவும் பஞ்சை முழுக்க நனைத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டு நிற்கும்வரை பொறுத்திருந்து, பிறகு அதையே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் சொட்டும். அடியில் தேங்கும் ஈரத்தின் உயரம் பஞ்சைப் பொறுத்தது, அடியில் என்ன வைத்தோம் என்பதைப் பொறுத்தது இல்லை. உயரமான தொட்டி நல்லது என்று சொல்வதும் இதனால்தான்.

அப்படியானால் கண்ணாடிக்கு என்ன வேலை? இரண்டு. ஒன்று, மண்ணே இல்லாமல் தண்ணீரில் மணி பிளான்ட். வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றினால் போதும், கணுவிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர் இறங்குவதைக் குழந்தைகள் தினமும் வந்து பார்ப்பார்கள். இன்னொன்று, மூடி போட்ட ஜாடிக்குள் ஒரு சின்னக் காடு. லண்டனில் நத்தானியேல் பாக்ஷா வார்ட் என்ற மருத்துவர் 1829-இல் ஒரு கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு மூடிய பாட்டிலில் வைத்திருந்தார். அந்த நகரத்துப் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் பிழைக்கவே மாட்டேன் என்றன. பாட்டிலுக்குள்ளோ அவர் நடாமலேயே ஒரு பெரணி முளைத்தது. பகலில் ஆவியான ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்குவதைக் கவனித்தார். 1833-இல் அதே முறையில் மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளைக் கப்பலேற்றி சிட்னிக்கு அனுப்பினார். மாதக்கணக்கான கடல் பயணம் தாண்டி அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. என் ஜாடியில் பாசியும் ஒரு சின்னப் பெரணியும் 14 மாதமாக இருக்கின்றன. இதுவரை மூன்று முறைதான் திறந்து தண்ணீர் தெளித்தேன். நேர் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். செய்தித்தாளைச் சுருட்டிச் செய்யும் தொட்டி அலங்காரத்துக்கு ஆகாது, விதை போட்டு நாற்று வளர்க்க அருமை; தாளோடு நட்டுவிடலாம், வேர் கிழித்துக்கொண்டு போய்விடும். டெட்ரா பேக் அட்டைப் பெட்டியில் முக்கால் பங்கு காகிதம், மீதி பாலித்தீனும் ஒரு மெல்லிய அலுமினியப் படலமும். வெட்டிய ஓரம் ஈரம் குடித்து ஊதும், மூன்று நான்கு மாதம் வரும். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி அடியைத் தைத்துச் செய்தது நேரடியாக மண் போட்டபோது மக்கியது. கைப்பிடி உடைந்த கோப்பை நல்ல பொருள், ஓடு துளைக்கும் முனையால் பொறுமையாகத் துளை போடலாம். மரப்பெட்டியில் செய்வதானால் அது என்ன மருந்து பூசிய மரம் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மேலே ஒரு நல்ல வழி இருக்கிறது என்றேன் அல்லவா, அது இதுதான். செடி இருக்கும் தொட்டியும் கண்ணுக்குத் தெரியும் தொட்டியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நர்சரியிலிருந்து செடி வரும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி எல்லோர் வீட்டிலும் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அடியில் போதுமான துளை, எடையே இல்லை. செடி அதிலேயே இருக்கட்டும். அலங்காரத்தை எல்லாம் வெளி உறைக்குச் செய்யுங்கள். ஜீன்ஸ் கால், சணல் சுற்றிய டின், வரைந்த டப்பா, ஓட்டை போட மனம் வராத அழகான கோப்பை, எல்லாமே வெளி உறையாகிவிடும். தண்ணீர் ஊற்ற உள் தொட்டியை வெளியே எடுத்து, ஊற்றி, வடியவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் திரும்ப வைக்க வேண்டும். அந்த ஒரு வேலைக்குச் சோம்பினால் பழைய கதைதான். உறையின் அடியில் நான்கைந்து மூடிகளைப் போட்டு அதன் மேல் உள் தொட்டியை வைத்தால் கடைசிச் சொட்டிலும் வேர் நிற்காது.

முன்பு மக்கிப்போன ஜீன்ஸ் காலை இப்படி உறையாக மறுபடி தைத்தேன். பாக்கெட் வெளியே வருமாறு வைத்துத் தைத்ததால் செடியின் பெயரும், கடைசியாக உரம் போட்ட தேதியும் எழுதிய அட்டை அதில் இருக்கிறது. ஒன்றரை வருடம் ஆகிறது, நூல் பிரியவில்லை. இரண்டு முறை துவைத்தும் ஆகிவிட்டது.

நான் முதலில் செய்த அந்த டின்னை எறியவில்லை. சணலைப் பிரித்து, பசையைச் சுரண்டி, அப்பாவிடம் கொடுத்தேன். அவர் நசுங்கிய இடத்துக்குப் பட்டி பார்த்து, வண்டிக்கு அடிப்பது போலவே மூன்று கோட் கரும்பச்சை அடித்துத் தந்தார். சித்தி கொடுத்த இரண்டாவது ஸ்பைடர் பிளான்ட் குட்டி அதில், ஒரு கறுப்புத் தொட்டிக்குள் இருக்கிறது. போன மாதம் அது நீளமாக ஒரு தண்டு விட்டு, நுனியில் தன் குட்டியைத் தொங்கவிட்டது. அதன் அடியில் வேர் முனைகள் நகக்கண் அளவு எட்டிப் பார்க்கின்றன. அதற்காகத்தான் மூன்றாவது துண்டுத் தொட்டியைச் செய்தேன், நீலக்கரை போட்ட துண்டு. இப்போது வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. இன்று ஒன்பதாம் நாள், தண்ணீரில் இன்னும் லேசாக ஆடை மிதக்கிறது.